அன்று பிறந்தவரே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நாட்காட்டியில் ஒரு நாளுக்குப் பெருமை சேர்ப்பது அன்று நடந்த நிகழ்வா, அன்று பிறந்தவரா? பிறந்தவரே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 1969 ஜூலை 20-ஐ எடுத்து வைத்தார். நிலவில் மனிதன் இறங்கிய அந்த நாளுக்கு ஈடாக எந்தப் பிறந்தநாள் இருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது ஐயா, 1930 ஆகஸ்ட் 5. நீல் ஆம்ஸ்ட்ராங் பிறந்த நாள். நிலவிலிருந்து திரும்பியவரை, கிருமி ஏதும் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்ற பயத்தில் ஹூஸ்டனில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். அந்த அடைப்புக்குள்தான் அவருக்கு 39 வயது நிறைந்தது. உலகமே கொண்டாடிய மனிதருக்குப் பிறந்தநாள் அன்று கைகொடுக்க வெளியாள் ஒருவரும் உள்ளே போக முடியாது. கால்தடத்தைப் பார்த்துக் கைதட்டினோம், சரி. அந்தக் கால் யாருடையது என்று நினைக்க வைப்பது எனக்கு இந்த ஆகஸ்ட் 5 தான்.

அப்புறம், பிறந்தநாள் நிலையில்லாதது, நியூட்டனுக்கே இரண்டு தேதி என்றார்கள். உண்மைதான். பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி 1642 டிசம்பர் 25, இப்போதைய கணக்கில் 1643 ஜனவரி 4. நிகழ்வு மட்டும் அசையாமல் நிற்கிறதா? ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை இன்று நவம்பர் 7-இல் அல்லவா தேட வேண்டியிருக்கிறது! நாட்காட்டி செய்த வேலைக்குக் குழந்தை மேல் பழி போடாதீர்கள்.

1809 பிப்ரவரி 12-க்கு வருகிறேன். கென்டக்கியில், ஒரே அறை கொண்ட மரக்கட்டை வீட்டில் லிங்கன் பிறக்கிறார். அதே நாளில், கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில், வசதியான மருத்துவர் வீட்டில் டார்வின் பிறக்கிறார். இரண்டு தாய்மாருக்கும் அன்று கேட்டது பிள்ளையின் அழுகுரல் மட்டும். ஐம்பது ஆண்டு கழித்து, 1859-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வருகிறது. 1863 ஜனவரி 1 அன்று அடிமைகள் விடுதலைப் பிரகடனம் வருகிறது. இரண்டையும் எதிரணியினர் தாராளமாகத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். இரண்டுக்கும் வேர் எங்கள் ஒரே நாளில் இருக்கிறது.

கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு ஆன அன்று, 1942 ஜனவரி 8-இல் பிறந்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். அன்று இன்னும் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். இதில் என்ன சிறப்பு என்று கேட்பீர்கள். அத்தனை தொட்டில்களில் எதில் ஹாக்கிங் கிடக்கிறார் என்று அன்றைக்கு யாரால் சொல்லியிருக்க முடியும்?

அந்தத் தொட்டில்கள் பக்கம் தீர்ப்பு வரட்டும் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.