சைக்கிளோனின் அடிவாயில் ஒரு சிட்டிகை தனாக்கா

வணக்கம் மக்களே. பின்னால் இரைச்சல் கேட்கிறதா? மியான்மரில் பெகு பக்கம் மாமாவின் நெல் மில்லில் நிற்கிறேன். இந்த ஓரத்தில் தெரிகிற கூம்புத் தகரத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். இதற்கு சைக்கிளோன் என்று பெயர். நெல் சுத்தம் செய்கிற இடத்துத் தூசியைக் காற்றோடு இழுத்து, சுழற்றி, கீழே கட்டியிருக்கும் சாக்கில் இறக்க வேண்டும். போன மாதம் வரை அது சரியாக நடக்கவில்லை. அத்தை காலையில் கொடியில் போட்ட துணி மாலைக்குள் பழுப்பாகிவிடும். மில்லில் மூட்டை தூக்குகிற அண்ணன்மார் நாள் முழுக்க இருமுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கணினியில் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் அடிப்படை. களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முறத்திலிருந்து விழும்போது மணி காலடியில், பதர் நாலடி தள்ளி, தூசி ஊருக்கே. காற்று ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் அதற்கு வேறு வேறு அளவில் கட்டுப்படுகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். 100 மைக்ரான் துகள் சுமார் 25 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 1851இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் தந்த சூத்திரப்படி அது 30 சென்டிமீட்டர். துகள் பெரிதாகி வேகமும் கூடும்போது காற்றின் தடை அந்தச் சூத்திரம் சொல்வதைவிட அதிகம், அதனால் திருத்தம் போட வேண்டும். உமியோ உருண்டை கூட இல்லை, படகு மாதிரி வளைந்தது. அதற்கு இன்னொரு திருத்தம்.

அப்புறம், தூசி எவ்வளவு என்பது. இதை நிறையப் பேர் பார்க்காமலே கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள், அது தப்பு. ஒரு கன மீட்டர் காற்றில் 1 கன சென்டிமீட்டருக்கும் குறைவான தூசி என்றால், காற்று தூசியைத் தள்ளுவதை மட்டும் பார்த்தால் போதும். அதற்கு மேலே போனால் தூசியும் காற்றைப் பிடித்து இழுக்கும். ஒரு கன மீட்டரில் 1 லிட்டரைத் தாண்டினால் துகளோடு துகள் மோதுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த எல்லைகளை வகுத்துச் சொன்னவர் எல்கோபாஷி என்ற ஆய்வாளர். மாமா மில்லில் நாலைந்து கன சென்டிமீட்டர் வருகிறது, அதனால் நான் இரண்டாவது வகையை எடுத்தேன். கணக்குப் போட்டது ஓப்பன்ஃபோமில், காற்றோட்டத்தைக் கணக்கிடும் இலவச மென்பொருள் அது. காற்றை வலைக்கட்டங்களாகப் பிரித்து, துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர வைத்தேன். உண்மையில் ஒரு கணக்குத் துகள் ஆயிரக்கணக்கான துகள்களுக்குப் பிரதிநிதி, இல்லாவிட்டால் எந்தக் கணினியும் தாங்காது.

ஒரு எச்சரிக்கை. காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிட எல்லாரும் முதலில் தொடுகிற கே-எப்சிலான் மாதிரியை இங்கே போடாதீர்கள். இவ்வளவு பலமான சுழலை அது சரியாகக் காட்டாது. ரெனால்ட்ஸ் தகைவு (Reynolds stress) மாதிரி என்று இன்னொன்று உண்டு, மெதுவாக ஓடும், பரவாயில்லை, அதையே போடுங்கள். எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் சேமிக்க வைத்ததால்தான் மூன்று இரவில் முடிந்தது.

விடை என்ன தெரியுமா? தூசியில் பெரும்பங்கு சாக்கில் விழ வேண்டும் என்றது கணினி. அத்தையின் கொடியோ வேறு சொல்கிறது.

மாமா பெரிய சைக்கிளோன் வாங்கிவிடலாம் என்றார். வேண்டாம் மாமா, அதே காற்றுக்குப் பெரிய கூம்பு வைத்தால் சுழல் தளர்ந்து இன்னும் தூசி தப்பும் என்றேன். பிறகு என் கணக்கையே வரி வரியாகத் திருப்பிப் பார்த்தேன். அடிவாயை மூடியதாக எழுதியிருந்தேன். அது மூடித்தான் இருக்கிறதா என்று நான் கை வைத்துப் பார்க்கவே இல்லை.

இதோ, கேமராவை இறக்குகிறேன். இதுதான் ஏர்லாக். உள்ளே இறக்கை வைத்த உருளை சுற்றும். தூசியை இறக்கிவிடும், காற்றை உள்ளே விடாது. காற்றை இழுக்கும் விசிறியான புளோயர் சைக்கிளோனுக்கு அப்புறம் இருப்பதால் கூம்பு முழுவதும் உறிஞ்சுகிற நிலையில் இருக்கிறது. மில்லுக்குள் நெருப்பு கூடவே கூடாது, தூசி பற்றிக்கொள்ளும், அதனால் ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்க்க முடியாது. அத்தையிடம் தனாக்கா, அதாவது இங்கே முகத்தில் பூசுகிற மரப்பட்டைப் பொடி, ஒரு சிட்டிகை வாங்கி இந்த இடுக்கில் விட்டேன். கீழே விழவில்லை மக்களே. வெள்ளைக் கோடாகச் சாய்ந்து உள்ளே போய்விட்டது. இறக்கை ஓர ரப்பர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. நெல் தூசியில் சிலிக்கா உண்டு, அரம் மாதிரி ராவிவிடும். அந்த இடுக்கில் நுழைந்த காற்று கூம்பின் நடுவே மேலேறி, பிடித்த தூசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அந்தக் கசிவைக் கணக்கில் சேர்த்து மறுபடி ஓட்டினேன். நுண்தூசி மேலே போவது திரையில் அப்படியே வந்தது. மேஸ்திரி ரப்பரை மாற்றினார், அரை நாள் வேலை. இந்தச் சாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன், பாருங்கள், முன்பு இரண்டு நாளில் சேர்ந்தது இன்றைக்கு மதியத்துக்குள் சேர்ந்திருக்கிறது. கொடி அந்தப் பக்கம் இருக்கிறது, வாருங்கள், துணியையும் காட்டுகிறேன்.