கோர்ட் ஏலத்துல நிலம் போயிட்டா? 60 நாளு தான் கணக்கு

வணக்கம் மக்களே. கடன் கொடுத்தவன் கேஸ் போட்டு டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கி, அப்புறம் இ.பி. (அத நிறைவேத்தச் சொல்லுத மனு) போட்டு, நம்ம நிலத்த கோர்ட்ல ஏலம் விட்டாச்சு, நமக்கு ஒரு தாளு கூட வரல, இத கேன்சல் பண்ண முடியுமான்னு கேட்டு குலசேகரம், தக்கலை, கருங்கல் பக்கத்துல இருந்தெல்லாம் எனக்கு போன் வருது. நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆபீஸ்ல ரொம்ப வருஷமா கேஸ் கட்டு தூக்குத குமாஸ்தா, அத மனசுல வச்சு கேளுங்க.

முடியும். ஆனா முறை தப்பா நடந்திருக்குன்னு மட்டும் சொன்னா போதாது. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 21 ரூல் 90 ரெண்டு விஷயம் கேக்குது. ஏலத்த அறிவிச்சதுலயோ நடத்துனதுலயோ பெரிய முறைகேடோ மோசடியோ இருக்கணும், அதனாலயே உங்களுக்கு கணிசமான நஷ்டம் வந்திருக்கணும். இந்த ரெண்டாவத காட்டாம தான் பாதி மனு தள்ளுபடி ஆகுது.

(திரையில்: அமீனா ரிப்போர்ட், பேர் மறைச்சு)

இத பாருங்க, அறிவிப்பு ஒட்டப் போன கோர்ட் ஊழியர், அதான் அமீனா, எழுதுனது. 62 சென்ட் நிலம், பூரா பால் வெட்டுத ரப்பர் மரம், வீடுன்னு ஒரு குடிசை கூட கிடையாது. ஆனா ரிப்போர்ட்ல "வீட்டின் முன்கதவில் ஒட்டினேன், தண்டோரா போட்டேன்"னு எழுதிருக்கு! சாட்சி கையெழுத்து போட்ட ரெண்டு பேரும் வேற ஊரு. ஏல அறிவிப்ப சொத்துல எல்லாரு கண்ணுலயும் படுத இடத்துல ஒட்டணும், கோர்ட்லயும் ஒட்டணும், கிராமம்னா பஞ்சாயத்து ஆபீஸ்லயும் ஒட்டணும், கோர்ட்ல ஒட்டி 15 நாளாவது கழிஞ்ச பிறகு தான் ஏலம். நடுவுல ஏலத்த 30 நாளுக்கு மேல தள்ளி வச்சிருந்தா, நீங்க வேண்டாம்னு விட்டுக்கொடுக்காத வரை, புதுசா அறிவிப்பு போடணும்.

சரி, கதவு இல்லாத இடத்துல கதவுல ஒட்டியாச்சு. இதுல நஷ்டம் எங்க? அறிவிப்புல வெறும் "62 சென்ட் புரையிடம்"னு (தோட்ட நிலம்) போட்டிருந்தாங்க, ரப்பரப் பத்தியும் மெயின் ரோடு முகப்பு பத்தியும் ஒரு வரி இல்ல. ஊர்ல யாருக்கும் தெரியல, ஏலத்துக்கு வந்தது ரெண்டே பேரு, அடிமாட்டு விலைக்கு போச்சு. பக்கத்து நிலத்தோட பத்திர நகலையும் வச்சு, தெரிஞ்சிருந்தா நான் வந்திருப்பேன்னு சொல்லுத ஒரு ஆளையும் கூண்டுல ஏத்துனா தான் அந்த முறைகேடும் இந்த விலையும் ஒண்ணோட ஒண்ணு சேரும்.

இன்னொண்ணு, நிறைய பேரு கோட்டை விடுத இடம். ஏல அறிவிப்பு தயார் பண்ண தேதி குறிச்சு உங்களுக்கு நோட்டீஸ் வந்து, நீங்க போகாம இருந்துட்டு, விலை குறைச்சு போட்டுட்டான்னு இப்ப வந்து சொன்னா, அப்பவே சொல்லிருக்கலாம்லான்னு கோர்ட் கேக்கும், ரூல் 90லயே அது இருக்கு. ஏலத்துக்கு முன்ன சொத்த முடக்குத ஜப்தியில குறை இருக்குங்குதத மட்டும் வச்சும் ஏலம் ரத்தாகாது.

கடன் 4,80,000 தான், 20 சென்ட் வித்தாலே தீரும், மொத்தத்தையும் ஏன் வித்தாங்கன்னா அது நல்ல பாயிண்ட். தேவையான அளவு மட்டும் விக்கணும்னு ரூல் 64 சொல்லுது, அது கோர்ட்டோட கடமைன்னு 1989ல அம்பாட்டி நரசய்யா வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. ஏலம் எடுத்தவரு 25 சதவீதம் உடனே, மிச்சத்த 15 நாளுக்குள்ள கட்டினாரான்னும் பாத்துக்கிடுங்க, கட்டலன்னா அந்த ஏலம் செல்லாது.

காலக்கெடு தான் கழுத்தறுக்கும். ஏலம் நடந்த தேதியில இருந்து 60 நாளு. மத்த கேஸ் மாதிரி தாமத மன்னிப்பு மனு போட்டு சமாளிக்கலாம்னு நெனைக்காதீங்க, ஆர்டர் 21 மனுக்கு லிமிட்டேஷன் சட்டத்தோட (காலக்கெடு சட்டம்) 5வது பிரிவு, அதான் தாமத மன்னிப்பு, பொருந்தாது. மோசடி பண்ணி மறச்சிருந்தா தெரிய வந்த நாள்ல இருந்து எண்ணலாம், ஆனா அத நிரூபிக்க வேண்டியது நீங்க.

கையில பணம் பொரட்ட முடியும்னா, என்னக் கேட்டா ரூல் 89 தான் நல்லது, முறைகேடெல்லாம் நிரூபிக்க வேண்டாம். நிலம் 9 லட்சத்துக்கு போயிருந்தா வாங்குனவருக்கு 5 சதவீதம், அதாவது 45,000, கூட அறிவிப்புல போட்ட கடன் 4,80,000, ஆக 5,25,000 அதே 60 நாளுக்குள்ள கோர்ட்ல கட்டினா ஏலம் ரத்து. ஆனா ரூல் 90 மனு ஏற்கனவே போட்டிருந்தா அத வாபஸ் வாங்கணும், ரெண்டு தோணியில கால் வைக்க விட மாட்டாங்க.

பேங்க் கோர்ட்டுக்கு போகாம அடமான சொத்த விக்குத சர்ஃபாசி சட்டத்துல நேரா ஏலம் விட்டதுன்னா இதெல்லாம் பொருந்தாது, அதுக்கு மதுரை டி.ஆர்.டி. (கடன் மீட்பு தீர்ப்பாயம்), அங்க 45 நாளு, அத தனி வீடியோவா போடுதேன்.

நாளைக்கே போயி செய்ய வேண்டியது ஒண்ணு தான். பத்மநாபபுரமோ குழித்துறையோ நாகர்கோவிலோ, எந்த கோர்ட்ல இ.பி. நடந்துதோ அங்க நகல் மனு போட்டு, ஏல அறிவிப்பு, அமீனா ரிப்போர்ட், ஏலப் பட்டியல் மூணையும் வாங்குங்க. நகல் வர நாளாகும், மனுவ நேரத்தோட போடுங்க.