எட்டு மாதத்தில் படுத்துவிடும் பேட்டரி: முடோன் தம்பியின் கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. மியான்மரின் முடோன் ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், அப்படியே வாசிக்கிறேன்: "அண்ணே, ஒன்றரை வருடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். எட்டு மாதத்துக்கு மேல் எதுவும் தாங்கவில்லை. வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் ஓட்டுகிறேன், நெடுந்தூரம் போவதே இல்லை. எந்தக் கம்பெனி பேட்டரி நன்றாக உழைக்கும்?"

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார்: "ராத்திரி கரண்ட் போனால் ஒரு பல்பும் போன் சார்ஜும் இந்த பேட்டரியில்தான் ஓடுகிறது. அந்த வகையில் ரொம்ப உபயோகம்."

தம்பி, பதிலையும் சேர்த்தே அனுப்பிவிட்டீர்களே!

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். செயினுக்கு எண்ணெய் விடுவது பற்றிப் பேசிய அன்றுகூட நடுவில் இதைத்தான் இழுத்தேன், வீட்டில் திட்டினார்கள். பரவாயில்லை, இன்னொரு முறை சொல்கிறேன். பேட்டரியைப் பசியோடு, அதாவது சார்ஜ் குறைந்த நிலையில், படுக்கப் போடாதீர்கள்.

உள்ளே இருப்பது ஈயத் தகடும் கந்தக அமிலமும். கரண்ட் எடுக்க எடுக்கத் தகட்டின் மேல் ஈய சல்பேட் படியும். சீக்கிரம் சார்ஜ் ஏற்றினால் அது திரும்பக் கரைந்துவிடும். அப்படியே விட்டுவைத்தால் இறுகிக் கட்டியாகிவிடும், பிறகு கரையாது. அந்த அளவுக்குத் தகடு வீண். சோற்றுப் பானையைச் சாப்பிட்டதும் கழுவினால் ஒரு தேய்ப்பில் போய்விடும். ராத்திரி முழுக்கக் காயவிட்டுப் பாருங்கள், காலையில் கரண்டியால் சுரண்ட வேண்டியிருக்கும்.

இப்போது தம்பியின் வீட்டுக் கணக்கைப் போடுவோம். வண்டியின் பேட்டரி 12 வோல்ட், 5 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் ஐந்து மணி நேரம் கொடுக்கும் அளவு) என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 60 வாட் ஹவர், அவ்வளவுதான் மொத்தச் சொத்து. 5 வாட் பல்பு நாலு மணி நேரம் எரிந்தால் 20 போயிற்று. போனுக்கு ஒரு முழு சார்ஜ், சேதாரத்தையும் சேர்த்தால் இன்னொரு 20. ஆக மூன்றில் இரண்டு பங்கு ராத்திரியே காலி. காலையில் சுவிட்சை அழுத்தி ஸ்டார்ட் செய்து, மார்க்கெட்டுக்கு ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிறார். ஓடும்போது ஒரு ஆம்பியர் மிஞ்சி பேட்டரிக்குப் போகிறது என்று வைத்தாலும், ராத்திரி எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மூன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். தினமும் தொலைவிலிருக்கும் தாட்டோன் ஊர் வரை போய் வந்தால்தான் கட்டுப்படியாகும். காலையில் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடப் போய் வருகிற தூரம் எந்த மூலைக்கு?

வண்டி பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, நிறைய இருக்கும். இரண்டு மூன்று விநாடி பெரிய கரண்ட் கொடுத்து எஞ்சினைச் சுழற்ற வேண்டும், உடனே திரும்ப நிரம்ப வேண்டும், அதற்காகச் செய்தது. கொஞ்சம் கொஞ்சமாக அடிவரை உறிஞ்ச, இன்வெர்ட்டருக்கும் சோலாருக்கும் விற்கிறார்களே, அந்தத் தடித்த தகடு பேட்டரிதான் வேண்டும்.

என்னை யோக்கியன் என்று நினைக்காதீர்கள். ஒரு முறை சொந்தக்காரர் கல்யாணத்துக்கு யாங்கோன் போய் ஒரு மாதம் தங்கிவிட்டேன். அங்கே 2003இலிருந்து நகருக்குள் மோட்டார் சைக்கிள் கூடாது என்பதால் வண்டியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போனேன். திருடன் பயத்தில் ஒரு மலிவு அலாரமும் மாட்டியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டி முனகக்கூட இல்லை. பிறகு அளந்து பார்த்தேன். அந்த அலாரம் சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. ஒரு நாளைக்கு அரை ஏ.ஹெச்., பத்தே நாளில் பேட்டரி சுத்தம். மீதி இருபது நாள் பசியோடு கிடந்திருக்கிறது. திருடன் வரவில்லை, அலாரமே திருடிவிட்டது. மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போயிருந்தால் புது பேட்டரிக் காசு மிச்சம்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

சரி, தம்பி என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, "என் பேட்டரி பசியோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்பதைத்தான். வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், மலிவானது போதும். வண்டியை நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், அதுதான் வயிறு நிறைந்த கணக்கு. 12.2 என்றால் பாதி வயிறு. 12க்குக் கீழே என்றால் அன்றைக்கே சார்ஜரில் போடுங்கள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். 13கூட ஏறவில்லை என்றால் வண்டி ஊட்டவே இல்லை. 15ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி கொதிக்கிறது. அந்த வண்டியில் எந்தக் கம்பெனி பேட்டரியைப் போட்டாலும் எட்டு மாதம்தான்.

சார்ஜர் சின்னதாக இருக்கட்டும். 5 ஏ.ஹெச். பேட்டரிக்கு அரை ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு. லாரி பேட்டரிக்கு வைத்திருக்கும் சார்ஜரில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மூடி திறக்கும் வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விடுங்கள், மேல் கோட்டைத் தாண்டாமல். பாட்டிலில் வரும் குடிதண்ணீர் சுத்தம்தானே என்று நிறையப் பேர் ஊற்றுகிறார்கள், அதில் உப்புகள் இருக்கும். மழைக்காலத்தில் டெர்மினலில் பூக்கும் வெள்ளைத் தூளை வெந்நீரில் கழுவித் துடைத்து வாசலின் தடவினால் போதும்.

கம்பெனி கேட்டீர்களே. எதுவானாலும் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் எதிரிலேயே ஆசிட் ஊற்றிக் கொடுத்தால், முழுசாகச் சார்ஜ் ஏற்றாமல் வண்டியில் மாட்டாதீர்கள். ஊற்றின மாத்திரத்தில் அது நிறைந்திருக்காது.

ராத்திரிக்குச் சின்ன சோலார் தகடும் தனி பேட்டரியும் போட்டுவிடுங்கள், தம்பி. வண்டியிலிருந்து அந்த பல்பு வயரை இன்றைக்கே கழற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து, காலையில் சாவி போடுவதற்கு முன் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று எழுதுங்கள், பார்ப்போம்.