துளை போட்ட கார்பன் தகடு எப்படிக் களைத்துப்போகிறது?

(கொழிஞ்சாம்பாறையில், கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் இளைஞர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேர் தினமும் இரும்போடும் அலுமினியத்தோடும் மல்லுக்கட்டுகிறவர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அகலமான இரும்புத் தகடு. நடுவில் போல்ட் மாட்ட ஒரு வட்டத் துளை. தகட்டை இழுத்தால் துளையின் விளிம்பில் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்கும் பாரம், எத்தனை மடங்கு ஏறும்? மூன்று மடங்கு. 1898-இலேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். துளை சின்னதானாலும் பெரியதானாலும் அதே மூன்றுதான்.

ஒரு தடவை இழுத்தால் தாங்கிவிடும். லட்சம் தடவை இழுத்து இழுத்து விட்டால், அந்த விளிம்பிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி ஊர ஆரம்பிக்கும். 1988 ஏப்ரலில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றில், நடுவானத்தில் மேற்கூரையின் ஒரு பெரிய பகுதியே பிய்த்துக்கொண்டு போனது. அது 89,000 தடவைக்கு மேல் பறந்து இறங்கிய விமானம். தகடுகளுக்கு இடையே ஒட்டு விட்டுப்போய், ரிவெட் துளைகளில் கிளம்பிய விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

கார்பன் ஃபைபர் தகட்டில் அப்படி ஒற்றை விரிசலைத் தேடினால் ஏமாந்துபோவோம். அதன் கட்டுமானமே வேறு. ஒரு இழை 5 முதல் 7 மைக்ரான் தடிமன் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). எபாக்சி என்ற ரெசினில், அதாவது கெட்டிப்படும் பசையில், ஊறிய இழைகளை ஒரே திசையில் பரப்பினால் சுமார் 0.125 மில்லிமீட்டரில் ஒரு அடுக்கு கிடைக்கும். 0, 45, 90 டிகிரி என்று திசை மாற்றி மாற்றி அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்குகிறார்கள். போயிங் 787-இன் எடையில் பாதி இந்த வகைக் கூட்டுப்பொருள்கள்தான்.

நம்ம ஊர்ப் பனங்கையில் தடித்த ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது குறுக்கே முறியாது, நாரோடு நாராக நீளவாக்கில் பிளக்கும். இழுக்கும் திசையில் படுத்திருக்கும் 0 டிகிரி அடுக்கும் துளையின் இரு ஓரங்களையும் தொட்டபடி அப்படித்தான் பிளக்கிறது. அதற்கு முன்பே 90 டிகிரி அடுக்கில் ரெசின் வெடித்திருக்கும், அப்புறம் 45. அடுக்குக்கு அடுக்கு வெடிப்புகள் குறுக்கிடும் இடங்களில் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும்.

சரி, திரும்பத் திரும்ப இழுத்து இவ்வளவு அடிபட்ட தகட்டை இப்போது இழுத்து உடைத்தால்? பல சமயம், புதுத் தகட்டைவிடக் கூடுதல் பளுவைத் தாங்கிவிட்டுத்தான் உடைகிறது! கேட்டால் நம்பத் தோன்றாது. ஆனால் காரணம் நேரானது. நீளவாக்கில் விழுந்த பிளவு, விளிம்பில் குவிந்திருந்த தகைவைக் கலைத்துவிடுகிறது. துளையை ஒட்டிய இழைகளுக்குப் பாரம் குறைகிறது. தகட்டின் விறைப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

இந்த இடத்தில்தான் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆகக் கூடாது. அதே தகட்டை அமுக்கிப் பாருங்கள். பிரிந்துபோன அடுக்குக்குப் பக்கத்துணை கிடையாது. மெல்லிசாகத் தனியே நின்று வளைந்து நெளிகிறது. இழைகள் மடங்கி ஒடிகின்றன. இழுவைக்கு உதவிய அதே சேதம் அமுக்கத்தில் ஆளையே கவிழ்த்துவிடும். இழுப்பதும் அமுக்குவதும் மாறி மாறி வந்தால் நிலைமை இன்னும் மோசம். பறக்கும்போது இறக்கையின் அடித்தோல் இழுபடும், மேல்தோல் அமுங்கும். ஆகவே “இத்தனை லட்சம் சுற்று தாங்கியது” என்று யாராவது ஒரு எண்ணை நீட்டினால், இழுத்தா அமுக்கியா என்று முதலில் கேளுங்கள்.

வெளியே பார்த்தால் பெரும்பாலும் பளபளவென்றே இருக்கும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் பெரிய பிரிவு மட்டும் மொத்தையான ஓசையில் மாட்டும். மற்றதற்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும், அல்லது துளை வழியே துத்தநாக அயோடைடு கரைசலை இறக்கி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

டிரில் பிடிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாதிச் சேதத்தை நாமே முதல் நாளில் செய்துவிடுகிறோம். பிட் வெளியேறும் பக்கம் கடைசி அடுக்கைத் தள்ளிப் பிய்க்கும். பின்னால் ஒரு பலகையை இறுக்கி வைத்து, கூரான கார்பைடு பிட்டால், முடியும் தறுவாயில் மெதுவாக இறக்குங்கள். முகக்கவசம் இல்லாமல் அந்தத் தூசிப் பக்கம் போகாதீர்கள். கார்பனைத் தொட்டபடி அலுமினிய ரிவெட்டை வைத்தால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரித்துப்போகும். விமானங்களில் அங்கே டைட்டானியம் போடுவது அதனால்தான்.