அந்த ஒரு புள்ளி எந்தக் கேள்வியில் போனது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மாலை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் டி-ஸ்கோர் முறை போனது பிள்ளைகளுக்கு லாபமா, நட்டமா?" இதுதான் இன்றைய தலைப்பு. ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் புள்ளி போட்ட பழைய முறைதான் டி-ஸ்கோர். லாபமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அந்த முறையை "துல்லியமான தராசு" என்றார். அந்தத் தராசில் நின்ற ஒரு பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014 நவம்பர். என் அக்கா மகனுக்குத் தேர்வு முடிவு வந்த நாள். அக்காவுக்கு வேலையில் விடுப்பு கிடைக்காததால் நான்தான் அவனோடு பள்ளி மண்டபத்துக்குப் போனேன். தாளில் ஆங்கிலம் ஏ, கணிதம் ஏ, அறிவியல் ஏ, தமிழ் ஏ ஸ்டார். மொத்தம் 241. நல்ல முடிவுதான். கட்டிப்பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அவன் ஆசைப்பட்ட உயர்நிலைப் பள்ளியை முதல் விருப்பமாக எழுதிக் கொடுத்தோம். டிசம்பரில் வேறு பள்ளி வந்தது. விசாரித்தால், அவன் கேட்ட பள்ளியில் அந்த ஆண்டு கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் மொத்தம் 242.

அவன் அழவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டான்: "சித்தி, அந்த ஒரு பாயிண்ட் எந்தக் கேள்வியில போச்சு?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கும் நியாயமான கேள்வி அது. எந்தக் கணக்கில் தப்பு செய்தேன், எதைச் சரியாகப் படிக்கவில்லை, சொன்னால் திருத்திக்கொள்கிறேன் என்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் டி-ஸ்கோரை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று நான் முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகுதான் புரிந்தது, அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்று.

கணக்கு இதுதான். ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த மதிப்பெண்ணிலிருந்து, அந்த ஆண்டு எழுதியவர்களின் சராசரியைக் கழிக்க வேண்டும். வருவதைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். எல்லோருடைய மதிப்பெண்களும் சராசரியை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றனவா, பரவிக் கிடக்கின்றனவா என்று காட்டும் எண் அது. அப்புறம் பத்தால் பெருக்கி, 50ஐக் கூட்ட வேண்டும். நான்கு பாடங்களுக்கும் இப்படிச் செய்து கூட்டினால் அதுதான் மொத்தம்.

ஒரு பிள்ளை கணிதத்தில் 80 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 60, விலக்கம் 16 என்றால் அதன் டி-ஸ்கோர் 62.5. அதே பிள்ளை, அதே 80. ஆனால் சராசரி 70, விலக்கம் 10 ஆக இருந்தால் டி-ஸ்கோர் 60. அது எழுதிய விடையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியதெல்லாம் தீவின் வேறு வேறு மூலைகளில் உட்கார்ந்து எழுதிய, முகமே தெரியாத மற்றப் பிள்ளைகளின் விடைகள். ஒரு மதிப்பெண்ணின் விலையும் பாடத்துக்குப் பாடம் மாறும். விலக்கம் 8 உள்ள பாடத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் 1.25 புள்ளி. விலக்கம் 20 உள்ள பாடத்தில் வெறும் அரைப் புள்ளி. இந்தச் சராசரியும் விலக்கமும் பிள்ளையின் கையில் கொடுத்த தாளில் இருந்தனவா? இல்லை. பாடவாரியாக டி-ஸ்கோராவது இருந்ததா? அதுவும் இல்லை. நான்கு எழுத்துகளும் ஒரு மொத்த எண்ணும்தான் இருந்தன.

என் பாட்டி வீட்டில் அரிசி அளக்க ஒரு படி இருந்தது. நம் வீட்டு அரிசியை அளந்தாலும் பக்கத்து வீட்டு அரிசியை அளந்தாலும் அது ஒரே படிதான். அதனால்தான் அதை நம்பிக் கடன் கொடுத்தார்கள், திருப்பி வாங்கினார்கள். ஊரில் எல்லோருடைய மூட்டையையும் பார்த்து முடித்த பிறகுதான் படி எவ்வளவு பெரியது என்று சொல்வேன் என்றால் அதில் யார் அரிசி அளப்பார்கள்? டி-ஸ்கோர் அப்படிப்பட்ட படி. எதிரணித் தலைவர் "தராசு" என்று சொன்னதால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கில் சராசரிப் பிள்ளைக்கு எப்போதும் 50தான். அடுத்த ஆண்டு நாட்டிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் இன்னும் நன்றாகப் படித்து, ஆளுக்கு ஐந்து மதிப்பெண் கூடுதலாக எடுக்கிறார்கள் என்று வையுங்கள். சராசரியும் ஐந்து ஏறும். ஒருவருடைய டி-ஸ்கோர்கூட நகராது. எல்லோரும் ஓடினோம், எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். ஏன் வீட்டுக்கு வீடு துணைப்பாட வகுப்பு, பள்ளி விடுமுறையிலும் ஏன் வகுப்பு என்று கேட்கிறோமே, அதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. என் பிள்ளை கற்றால் போதாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட ஒரு படி மேலே கற்க வேண்டும். கியாசு, கியாசு என்று, அதாவது பிறரிடம் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் என்று, பெற்றோரைத்தான் திட்டுகிறோம். அந்தப் பதற்றத்துக்குச் சோறு போட்டு வளர்த்த கணக்கை யாரும் திட்டுவதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் "நோட்டை யாருக்கும் கொடுக்காதே" என்று பிள்ளையிடம் சொல்லியிருப்போம்? நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஏறத்தாழ 40,000 பேர் எழுதும் தேர்வில் ஒரு நண்பனுக்கு நோட்டு கொடுத்தால் நமக்குக் குறைவது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்தச் சொல் நம் வாயில் வந்தது.

சரி, எதிரணி சொன்னவற்றுக்கு வருகிறேன். அவற்றில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

முதலில் பேசியவர், கடினமான தாளையும் எளிதான தாளையும் டி-ஸ்கோர் சமப்படுத்தியது என்றார். ஒத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தையும் கணிதத்தையும் அப்படியே கூட்டுவது சரியில்லை என்று யோசித்தவர்கள் தப்பாக யோசிக்கவில்லை. ஆனால் வினாத்தாளின் கடினத்தை ஆண்டுதோறும் ஒரே அளவில் வைத்திருப்பது தேர்வு நடத்தும் பெரியவர்களின் பொறுப்பு. அது தவறினால் வரும் விளைவைப் பிள்ளைகளை ஒருவர்மேல் ஒருவர் அடுக்கித்தான் சரிசெய்ய வேண்டுமா?

அடுத்துப் பேசிய தம்பி, புதிய முறையின் எல்லைக்கோடுகளைப் பிடித்துக்கொண்டார். 2021 முதல் வந்திருக்கும் அடைவுநிலை முறை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாடத்திலும் எட்டு நிலைகள். 90உம் அதற்கு மேலும் முதல் நிலை, 85 முதல் 89 வரை இரண்டாம் நிலை என்று இறங்கி, 20க்குக் கீழே எட்டாம் நிலை. நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, கடைசி 32. தம்பி கேட்டார்: "89 எடுத்தவனுக்கும் 90 எடுத்தவனுக்கும் ஒரு நிலை வித்தியாசம். 45 எடுத்தவனும் 64 எடுத்தவனும் ஒரே ஆறாம் நிலை. இது நியாயமா?"

தம்பி, 89இல் நின்ற பிள்ளைக்கு வலிக்கும். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆறாம் நிலை அகலமானது என்பதும் உண்மை. ஆனால் கோடு எங்கே போட்டாலும் ஒரு பிள்ளை அதன் விளிம்பில் நிற்கத்தான் செய்யும். கோடுகள் எத்தனை என்பதைப் பாருங்கள். புதிய முறையில் 4 முதல் 32 வரை மொத்தம் 29 எண்கள். பழைய முறையில் 200க்கும் மேற்பட்ட வெவ்வேறு மொத்தங்கள். அதாவது 200க்கும் மேற்பட்ட விளிம்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. 241க்கும் 242க்கும் நடுவில் என்ன அறிவு வித்தியாசம் இருந்துவிட முடியும்? வாய்மொழித் தேர்வன்று தொண்டை கட்டியிருக்கலாம். ஒரு கூட்டலில் கை தவறியிருக்கலாம். அந்த அளவு நுணுக்கமாக ஒரு பிள்ளையை அளந்து சொல்ல எந்தத் தேர்வாலும் முடியாது. முடியாததை முடிந்தது போல எண்ணாக எழுதிக் கொடுத்ததைத்தான் எதிரணி "துல்லியம்" என்கிறது. புதிய முறையில் ஒரு பாடத்தில் 76 எடுத்த பிள்ளையும் 79 எடுத்த பிள்ளையும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். அந்த மூன்று மதிப்பெண்ணை வைத்து ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்று அது சொல்வதில்லை.

மூன்றாவதாகப் பேசிய அக்கா, நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஒன்று சொன்னார். "உழைத்த பிள்ளையின் எதிர்காலத்தைக் கணினிக் குலுக்கலில் விடலாமா?" என்றார். புதிய முறையில் ஒரே மொத்தத்தில் பலர் ஒரே பள்ளியின் கடைசி இடத்துக்கு வந்து நின்றால், முதலில் குடியுரிமை பார்க்கிறார்கள், அப்புறம் அந்தப் பள்ளியை எத்தனையாவது விருப்பமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். அதற்கும் பிறகுதான் குலுக்கல். அக்காவுக்கு நம் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலம், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். முதலில் தகுதி பார்க்கிறார்கள்: வயது 35 முதல் 70 வரை, சொந்த மனையில் வீடு, கல்வி, ஒழுக்கம். அந்தத் தகுதி இருப்பவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். குடவோலை என்று பெருமையாகப் பேசுகிறோமே, அதுதான். தகுதியில் சமமானவர்களுக்குள் யாரையாவது ஒருவரை எடுத்தாக வேண்டும் என்றால் குலுக்கல் யாரையும் அவமதிப்பதில்லை. குலுக்கலில் இடம் கிடைக்காத பிள்ளையிடம் "உனக்கும் அவனுக்கும் ஒரே தகுதி, இடம் ஒன்றுதான் இருந்தது" என்று சொல்ல முடியும். அது உண்மை. 241இல் நின்ற என் அக்கா மகனிடம் "நீ குறைந்தவன்" என்று அந்த எண் சொன்னது. அது உண்மையில்லை.

இதைக் கல்வி அமைச்சே உணர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியது. தேசிய அளவில் முதலிடம் பிடித்த பிள்ளையின் பெயரை அறிவிக்கும் வழக்கம் 2012இல் நின்றது. 2013 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், டி-ஸ்கோர் மொத்தம் நீக்கப்படும் என்றார். 2016இல் விவரம் வந்தது. அந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகள்தான் 2021இல் புதிய முறையில் எழுதினார்கள். 1960 முதல் நடந்துவரும் தேர்வு இது. அவசரப்பட்டுக் கை வைத்துவிட்டார்கள் என்று எதிரணியால் சொல்ல முடியாது.

நம் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இந்த மேடையில் நின்றுகொண்டு சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான்கில் ஒரு பாடம் தாய்மொழி. டி-ஸ்கோர் காலத்தில் நம் வீடுகளில் தமிழ், புள்ளி சேர்க்கும் உண்டியலாக இருந்தது. 92 எடுக்கிற பிள்ளையைக் கூட "96 வேண்டும்" என்று மாதிரித்தாள் மேல் மாதிரித்தாளாகச் செய்ய வைத்தோம். கருத்தறிதல் பயிற்சியே செய்து செய்து, ஒரு கதையைக் கேள்வி இல்லாமல் படிக்கலாம் என்பதையே பிள்ளைகள் மறந்தார்கள். இன்று 92 என்றாலும் 98 என்றாலும் முதல் நிலைதான். அந்த ஆறு மதிப்பெண்ணுக்குப் போன நேரம் பிள்ளைக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தில் அது நூலகத்துக்குப் போய் ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் எடுக்குமா, எடுக்காதா என்பது இனி நம் கையில் இருக்கிறது.

புதிய முறை வந்ததும் துணைப்பாட வகுப்புகளை மூடிவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிகளுக்கு இன்றும் கட்-ஆஃப், அதாவது கடைசியாக இடம் கிடைக்கும் மொத்தம், இருக்கிறது, பெற்றோர் மனத்தில் பள்ளிகளின் வரிசையும் இருக்கிறது. அதற்கெல்லாம் இன்னொரு பட்டிமன்றம் வேண்டும்.

என் சொந்த அக்காவின் மகள், அவனுடைய தங்கை, 2023இல் எழுதினாள். ஆங்கிலம் மூன்றாம் நிலை, கணிதம் இரண்டு, அறிவியல் நான்கு, தமிழ் ஒன்று. மொத்தம் 10. தாளைப் பார்த்தவுடனே சொன்னாள்: "சித்தி, சயின்ஸ்ல பரிசோதனைக் கேள்வியில விட்டுட்டேன், அதான் நாலு." உயர்நிலை ஒன்றில் அதைத்தான் உட்கார்ந்து படித்தாள்.

அவள் அண்ணனுக்கு இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. தேசிய சேவையும் முடித்துவிட்டான். ஆனாலும் 241 அவனுக்கு மறக்கவில்லை. எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் அவன் கேள்வியையே வைத்துவிட்டு உட்காருகிறேன். அந்த ஒரு புள்ளி எந்தக் கேள்வியில் போனது என்று தாளைக் காட்டிச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்களுக்கே கொடுங்கள். வணக்கம்.