மலை திறந்தவெளிதான், மலையடிவாரத்து ஊர் திறந்தவெளியல்ல

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொழும்பு வெள்ளவத்தையின் மாலைப் புழுக்கத்தையும் பொறுத்துக்கொண்டு வந்தமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கொரோனா போன்ற பெருந்தொற்றுக் காலத்தில் மலையேறவும் முகாமிடவும் அருவி பார்க்கவும் நகரத்தவர் சிறு ஊர்களுக்குப் போவது அந்த ஊர்களுக்கு வாழ்வா, சுமையா என்பது இன்றைய தலைப்பு. சுமையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று செய்திகளை வலியுறுத்தினார்: திறந்தவெளியில் நோய் எளிதில் பரவாது, அந்த ஊர்கள் வருகிறவர்களை நம்பியே பிழைக்கின்றன, வீட்டுக்குள் அடைபட்ட மனத்துக்கு மலைக்காற்று மருந்து. மூன்றாவதை நான் மறுக்கவில்லை. 2020 மார்ச் முதல் மே இறுதி வரை கொழும்பு மாடிக் குடியிருப்புகளில் ஊரடங்கைக் கழித்த எவரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் மருந்து யாருக்கு, அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பதே இன்றைய வழக்கு.

முதலில் திறந்தவெளி. காற்றோட்டமுள்ள இடத்தில் தொற்று குறைவு என்பது உண்மைதான். பயணமோ மலையுச்சியில் தொடங்கி மலையுச்சியில் முடிவதில்லை. கொழும்பிலிருந்து மலைநாட்டுச் சுற்றுலா ஊரான எல்லவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். குளிரூட்டி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேன் ஒன்றில் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிறோம். வழியில் எரிபொருள் நிலையம், அதன் கழிவறை, பிறகு தேநீர்க்கடை. அந்தக் கடையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்: நான்கு மேசை, கைகழுவ ஒரே குழாய், அதனருகே ஆணியில் தொங்கும் ஒரே துவாய். முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இறக்கிவிட்டு நாம் ரொட்டி சாப்பிட்டுச் சிரித்துப் பேச, காசு வாங்கிப் போடும் பெண் நாள் முழுவதும் அந்தக் காற்றையே சுவாசிக்கிறாள். மாலையில் விடுதி. அதுவும் நான்கு சுவருக்குள்தான். மலையுச்சியில் நிற்கும் இரண்டு மணித்தியாலம் மட்டுமே திறந்தவெளி.

இது என் கற்பனை என்று எதிரணி சொல்லக்கூடும். ஆகவே ஒஸ்திரியாவின் இஷ்கில் என்னும் ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஆயிரத்து அறுநூறு பேர் அளவில் வாழும் மலைக்கிராமம் அது, பனிச்சறுக்குக்குப் பேர்பெற்றது. பனிச்சரிவை விடப் பெரிய திறந்தவெளி உண்டா? ஆயினும் 2020 மார்ச் தொடக்கத்தில் அங்கிருந்து திரும்பியவர்களிடம் தொற்றைக் கண்ட ஐஸ்லாந்து எச்சரிக்கை விடுத்தது. மார்ச் 13 ஆம் திகதி பள்ளத்தாக்கையே மூடினார்கள். நோய் பரவிய இடமாகப் பிடிபட்டது சரிவல்ல, சறுக்கி முடித்துவந்து கூடிக் குடித்த மதுச்சாலைகள். சில வாரங்கள் கழித்து ஊரவரின் இரத்தத்தைச் சோதித்தபோது ஏறத்தாழ 42 விழுக்காட்டினரிடம், தொற்று வந்துபோனதற்கு அடையாளமான நோயெதிர்ப்புப் பொருள் இருந்தது. வந்தவர்கள் ஐரோப்பா எங்கும் உள்ள தத்தம் நகரங்களுக்குத் திரும்பிவிட்டார்கள். ஊரவருக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை.

அடுத்தது படுக்கைக் கணக்கு. என் வாதத்தின் உயிர்நாடி இதுதான், ஆகவே இங்கே சற்று நின்று பேச நடுவர் அனுமதிக்க வேண்டும். ஒரு சிறு ஊரின் வைத்தியசாலை அங்கு குடியிருப்பவர்களின் தொகைக்கு ஏற்பக் கட்டப்பட்டது. விடுமுறைக்கு வருவோரின் தொகை அந்தக் கணக்கில் ஒருநாளும் சேர்க்கப்பட்டதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு ஊர் இருக்கிறது. செம்பாறை ஏறுவோரும் மலைச்சைக்கிள் ஓட்டுவோரும் அங்கு குவிகிறார்கள். குடியிருப்பவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம். அருகிலுள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கு மட்டும் 2019 இல் வந்தவர்கள் 16 இலட்சத்துக்கும் அதிகம். ஊரின் வைத்தியசாலையிலோ 17 படுக்கைகளே இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. 2020 மார்ச் நடுப்பகுதியில், பாடசாலைகளும் அலுவலகங்களும் மூடப்பட்ட நகரங்களிலிருந்து வாகனங்கள் அங்கு வந்து குவியத் தொடங்கியபோது, வருகையை நிறுத்துங்கள் என்று மாநில ஆளுநருக்கு அந்த வைத்தியசாலையினரே கடிதம் எழுதினார்கள். உடனடியாக அப்பகுதிச் சுகாதாரத் திணைக்களம் விடுதிகளையும் முகாம்களையும் வெளியார்க்கு மூடியது. சுற்றுலாவே உயிர்மூச்சான ஊர் அது என்பதை மறவாதீர்கள். வாழ்வைக் கொண்டுவருகிறவர்களை எவராவது வாசலில் நின்று திருப்பி அனுப்புவார்களா, நடுவர் அவர்களே?

அதே அமெரிக்காவில், கொலராடோவின் கனிசன் மாவட்டம் ஒரு படி மேலே போனது. அங்கு ஏற்கெனவே வந்து தங்கியிருந்த வெளியாரையும், அங்கு சொந்த வீடு வைத்திருந்த வெளியூர்க்காரரையும்கூட, ஊர் திரும்புங்கள் என்று பணித்தது. சொத்து எங்களுடையது, தடுக்க நீங்கள் யார் என்று டெக்சாஸ் மாநிலச் சட்டமா அதிபரே எதிர்ப்புத் தெரிவித்தார். இடாஹோவின் பிளெய்ன் மாவட்டத்திலோ யாரும் முன்கூட்டியே தடுக்கவில்லை. பனிச்சறுக்குப் பருவம் நடந்துகொண்டிருந்தபோதே நோய் வந்து சேர, 23 ஆயிரம் பேர் அளவில் வாழும் அந்த மாவட்டம் சனத்தொகை விகிதத்தில் நாட்டிலேயே மிகக் கடுமையாகத் தாக்குண்ட இடங்களுள் ஒன்றாயிற்று. வைத்தியர்களே தனிமைப்படுத்தப்பட்டதால் வைத்தியசாலை தன் சேவைகளைச் சுருக்கிக்கொண்டது.

நோர்வேக்காரருக்கு மலைக்குடில் என்றால் உயிர். அந்த நாட்டு அரசு 2020 மார்ச்சில், சொந்தக் குடிலாயினும் பிற நகரசபை எல்லைக்குள் இருந்தால் அங்கு இரவு தங்கக்கூடாது என்று விதித்தது. மீறினால் 15,000 குரோனர் அபராதம். ஏப்ரல் 20 வரை அந்தத் தடை நீடித்தது. சொன்ன காரணம் படுக்கைக் கணக்கேதான்: சிறிய நகரசபைகளின் மருத்துவ வசதி அங்கு பதிந்து வாழ்வோருக்கு மட்டுமே போதுமானது. நமக்கெல்லாம் முன்மாதிரி என்று எதிரணியினரே அடிக்கடி எடுத்துக்காட்டும் நாடு அது என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அயல்நாட்டுக் கதைகளைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

இந்த நாட்டுக்குள் தொற்றிய முதல் இலங்கையர் யார் என்பது நினைவிருக்கிறதா? இத்தாலியப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் போனவர். 2020 மார்ச்சில் அது உறுதியானது. உல்லாசப் பயணத்தின் நோய் முதலில் தொட்டது பயணியைக் கூட்டிச்சென்ற தொழிலாளியை. அந்த ஆண்டு ஒக்டோபரில் கொழும்பிலும் கம்பஹாவிலும் தொற்று ஏறி, 29 ஆம் திகதி நள்ளிரவு முதல் மேல் மாகாணத்துக்கு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நாம் என்ன செய்தோம்? நீண்ட வார இறுதி வருகிறதே என்று, ஊரடங்கு விழுவதற்குள் மலைநாட்டை நோக்கி வண்டியை விட்டோம். அப்படிப் போனவர்கள் போன இடத்திலேயே தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அதிகாரிகள் அறிவிக்கவேண்டியதாயிற்று. நோயுள்ள இடமென்று அரசாங்கம் வேலி போட்ட மாகாணத்திலிருந்து, அந்த வேலி எழும்புவதற்கு முன் பாய்ந்து வெளியேறி, நோயில்லாத ஊரின் விடுதியில் போய்ப் படுத்துக்கொள்வதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை நடுவரிடமே விட்டுவிடுகிறேன்.

இதில் இன்னொரு அநீதியும் ஒளிந்திருக்கிறது. எதிரணியினர் இதை ஒருமுறையும் தொடவில்லை. 2021 பெப்ரவரியில் பொதுமக்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது முன்னுரிமை மேல் மாகாணத்துக்குத்தான் கிடைத்தது. தொற்று இங்கே அதிகம் என்பதால் அது முறையே. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு நுவரெலியாவின் கிரகறி வாவியைச் சுற்றி நிரம்பி வழிந்தவர்கள் யார்? அவர்களுக்கு அறை துப்புரவாக்கிக் கொடுத்தவர்கள் யார்? விருந்தினர் எழுந்து போன பின் படுக்கை விரிப்பை உதறி, தலையணை உறையைக் கழற்றி, இரண்டையும் மார்போடு அணைத்துத் துவைக்க எடுத்துச் செல்லும் அந்தப் பெண் மாலையில் போய்ச் சேரும் வீடு, பல தேயிலைத் தோட்டங்களில், ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான ஒரு லயன் அறை, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டின் ஓர் அறை. பாட்டி, பிள்ளைகள், கணவன் எல்லோரும் அதற்குள்தான். பக்கத்து அறைக்கும் அதற்கும் இடையில் ஒரு மெல்லிய சுவர். தண்ணீருக்குப் பொதுக் குழாய். தனிமைப்படுத்திக்கொள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொன்னால், எந்த அறைக்குள் போய்த் தனித்திருப்பாள்? எல்லப் பக்கத்தில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் கடுமையானால் தியத்தலாவை வைத்தியசாலைக்கோ பதுளை வைத்தியசாலைக்கோ வளைந்து வளைந்து போக வேண்டும். அதே நேரத்தில், செல்பி எடுக்கப்போய்ப் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட நம்மவர் ஒருவருக்காக 1990 என்ற அவசர இலக்கத்து அம்புலன்ஸ் வேறு திசையில் போயிருந்தால்?

வருமானத்துக்கு வருகிறேன். எதிரணியின் வலிமையான வாதம் இது. இதை இலேசாக ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது. 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் இங்கு வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் முதல் அடி. 2020 இல் வருகை 5 இலட்சத்து 7 ஆயிரமாகச் சுருங்கியது. அதிலும் பெரும்பகுதி மார்ச்சில் எல்லை மூடப்படுவதற்கு முன் வந்தவர்கள். 2021 இல் அது 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. கடன் வாங்கி மாடியெழுப்பிய விடுதிக்காரர், தவணைக்கு எடுத்த முச்சக்கரவண்டியோடு நிற்கும் இளைஞர், இவர்களுடைய அடுப்பு எப்படி எரியும் என்று சகோதரி கேட்டபோது அவையில் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன்.

ஆனால் அந்த அடுப்பை உள்ளூர்ப் பயணம் எரிய வைத்ததா என்று ஒரு கணக்குப் போடுவோம். 2021 சித்திரை விடுமுறையில் வியாபாரம் நடந்தது, மறுக்கவில்லை. அப்போது நாளுக்குச் சில நூறாக இருந்த தொற்று, மே மாதத்தின் நடுப்பகுதிக்குள் இரண்டாயிரத்தைத் தாண்டியது. வைரசின் புதிய திரிபும் கடைத்தெருக் கூட்டமும் குடும்ப ஒன்றுகூடல்களும் விடுமுறைப் பயணங்களும் சேர்ந்து செய்த வேலை அது. நுவரெலியாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. விளைவைப் பாருங்கள். மே 21 முதல் ஜூன் 21 வரை நாடு முழுவதும் பயணக் கட்டுப்பாடு. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு. இடையில் சில நாள் தளர்ந்தபோதும், ஒக்டோபர் முடியும் வரை மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை. ஒரு விடுமுறையின் வருமானத்தைக் கையில் கொடுத்துவிட்டு அரை ஆண்டின் வருமானத்தைப் பறித்துக்கொண்ட கொடுக்கல் வாங்கலை எந்தக் கடைக்காரர் இலாபம் என்று கணக்கெழுதுவார்? அந்த மாதங்களில் விடுதிக்காரரின் கடன் தவணை தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை.

ஊரைப் பட்டினி போடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. வருமானம் இழந்த குடும்பங்களுக்கு 2020 இல் அரசாங்கம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. அது போதாது என்பது வேறு வழக்கு. போதுமானதாக ஆக்கு என்று நாம் அனைவரும் சேர்ந்து கேட்டிருக்கலாம். மூடச்சொல்லும் அதிகாரமும் மூடியதற்கு ஈடுகொடுக்கும் கடமையும் சேர்ந்தே வரவேண்டும். கொழும்பில் சம்பளம் குறையாமல் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள், தம் வார இறுதி உல்லாசத்தையே அந்த ஊர்களுக்கான நிவாரணம் என்று சொல்லிக்கொள்வதுதான் எனக்குச் செரிக்கவில்லை. முன்பதிவை இரத்துச் செய்து காசைத் திருப்பிக் கேட்காமல், அடுத்த ஆண்டு வருகிறோம் என்று எழுதியனுப்பியவர்கள் இருந்தார்கள். அந்த ஊர்களுக்கு உண்மையில் உதவியவர்கள் அவர்களே. அவர்கள் வண்டி ஏறவே இல்லை.

விருந்தோம்பல் தமிழர் பண்பு, வந்தவரை ஊர் எப்படித் திருப்பும் என்றும் எதிரணியில் ஒரு குரல் எழுந்தது. விருந்தோம்புவது வீட்டுக்காரரின் அறம். அதை வரப்போகிறவர் தன் உரிமையாக எழுதிக்கொள்ள முடியாது.

நடுவர் அவர்களே, எனக்கு அளித்த நேரம் முடியப்போகிறது. எதிரணியின் நிறைவுப் பேச்சாளர் எழும்பும்போது ஒரே கேள்விக்கு மட்டும் விடை சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பெருந்தொற்று வரும் நாளில், எல்லவிலோ ஹப்புத்தளையிலோ உள்ள பிரதேச சபையும் அங்குள்ள சுகாதார வைத்திய அதிகாரியும் ஒன்றுகூடி, இந்த மாதம் எங்களால் முடியாது, வராதீர்கள் என்று சொன்னால், அந்தச் சொல்லைக் கொழும்பு கேட்குமா, கேட்காதா? கேட்கும் என்றால் வருகை சுமையாகக்கூடும் என்று நீங்களே ஒத்துக்கொண்டவர்கள் ஆகிறீர்கள். கேட்காது என்றால், ஊருக்கு வாழ்வு கொடுக்கத்தான் போகிறோம் என்று இந்த மேடையில் இனியும் சொல்லாதீர்கள்.

நன்றி, வணக்கம்.