ஸ்காட்லாந்துப் போதகர் மகனும் பாலைவனத்து உப்பும்

வணக்கம் மக்களே. பக்கத்தில் பைபிள் இருந்தால் எரேமியா 35-ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். கடைசியில் அங்கே வருவோம். அதற்கு முன்னால் ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டு வரலாம்.

வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித். 1846-இல் அபர்டீன்ஷயரில் கீக் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா ஃப்ரீ சர்ச் என்ற ஸ்காட்லாந்துப் புராட்டஸ்டண்ட் சபையின் போதகர். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தவர். பையன் 15 வயதில் பல்கலைக்கழகம் போனார், 23 வயதில் அபர்டீன் ஃப்ரீ சர்ச் கல்லூரியில் எபிரேயப் பேராசிரியர் ஆனார்.

1875-இல் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவுக்கு 'பைபிள்' என்று ஒரு கட்டுரை எழுதினார். பைபிளின் ஐந்தாவது புத்தகமான உபாகமம் இப்போது இருக்கிற வடிவில் மோசே எழுதியது இல்லை என்ற ஜெர்மன் அறிஞர்களின் முடிவை அதில் ஏற்றுக்கொண்டார். சபை கொதித்துப்போனது. வருடக்கணக்கில் விசாரணை. 1880-இல் எச்சரித்து விட்டுவிட்டார்கள். அதே சமயத்தில் அவருடைய இன்னொரு கட்டுரை அச்சாகி வந்தது. 1881-இல் பேராசிரியர் பதவி போய்விட்டது. மனிதர் விசுவாசத்தை விடவில்லை, அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கலவரத்துக்கு நடுவே, 1880-இல், அவர் அரேபியாவின் ஹிஜாஸ் பகுதிக்குப் போய் ஜெட்டாவிலிருந்து தாயிஃப் வரைக்கும் பயணம் செய்தார். அப்புறம் கேம்பிரிட்ஜில் அரபிப் பேராசிரியர். 1889-இல் செமிட்டிய மக்களின், அதாவது எபிரேயர், அரபியர் போன்றவர்களின், சமயம் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. எனக்கு அவர்மேல் பிரியம் வந்ததே அதைப் படித்துத்தான்.

பாலைவனத்து நாடோடிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் கூடாரத்தில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், உங்கள் உப்பைத் தின்றுவிட்டால், நீங்கள் அவனைத் தொடக் கூடாது. எவ்வளவு நேரத்துக்கு? அந்தச் சாப்பாடு அவன் வயிற்றில் இருக்கும்வரைக்கும். இரண்டு இரவு, நடுவில் ஒரு பகல் என்று கணக்கு. உறவு என்றால் ஒரே இரத்தம், ஒரே சதை. அதைச் சாப்பாட்டாலும் உண்டாக்கலாம். ஸ்மித் இங்கிருந்துதான் பலிக்கு வருகிறார். பலி என்பது ஆதியில் கடவுளுக்குக் கொடுக்கிற காணிக்கை இல்லை, குலமும் அதன் கடவுளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு உறவைப் புதுப்பித்துக்கொள்வதுதான் என்றார். பழைய சமயங்களில் சடங்குதான் முதலில் வந்தது, நம்பிக்கைக்கான விளக்கம் பிறகுதான் வந்தது என்றும் சொன்னார்.

இதை யார் சொல்கிறார் என்று பாருங்கள். கால்வின் என்ற சீர்திருத்தவாதியின் வழிவந்த சபை அது. எதை விசுவாசிக்கிறாய் என்பதுதான் அங்கே எல்லாம். அந்தக் கேள்வியால் வேலை போன ஒருவர், சமயத்தின் வேர் கோட்பாட்டில் இல்லை, பந்தியில் இருக்கிறது என்கிறார்! அதே சமயம், சேர்ந்து உண்பதை அவர் அத்தனை உயரத்தில் வைத்ததில் ஒரு புராட்டஸ்டண்டின் கர்த்தருடைய பந்தி, இயேசுவை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்கிற சடங்கு, தெரிகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கள் பாட்டி ஞாபகம் வருகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் சபையில் அந்தப் பந்தி, திருவிருந்து என்போம். பக்கத்து வீட்டு அத்தையோடு வேலித் தகராறு, நாலு மாதமாகப் பேச்சு இல்லை. சனிக்கிழமை ராத்திரி பாட்டி ஒரு தூக்குவாளியில் குழம்பை ஊற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. மறுநாள் பலிபீடத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தார்கள். ஸ்மித்தைப் படித்தபோதுதான் அந்தத் தூக்குவாளி எனக்குப் புரிந்தது.

சரி, குறைகளையும் பேச வேண்டும். ஸ்மித் பெரிதாகப் பிடித்துக்கொண்ட சான்று நீலுஸ் என்பவர் பெயரில் வழங்கும் ஒரு பழைய கதை. சீனாய் பக்கத்து நாடோடிகள் விடிவெள்ளி எழும்போது ஓர் ஒட்டகத்தைக் கற்குவியல்மேல் கட்டி, வெட்டி, சூரியன் வருவதற்குள் எலும்பு, தோல் மிச்சமில்லாமல் பச்சையாகவே தின்று தீர்த்தார்களாம். உளப்பகுப்பாய்வாளர் பிராய்டு 1913-இல் குலக்குறி, அதாவது ஒரு குலம் தன் அடையாளமாகக் கொண்டாடும் விலங்கு, பற்றிய தன் புத்தகத்தில் இதை எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கதை வரலாற்றைவிடச் சாகசக் கதைக்குத்தான் பக்கம் என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். இத்தனை பெரிய கோட்டைக்கு அந்தக் கல் தாங்காது.

ஆனாலும் யோசனை சாகவில்லை. சமூகத்தில் சமயத்தின் இடம் 1895-இல்தான் தனக்குத் தெளிவானது, அதற்கு ஸ்மித்தைப் படித்ததுதான் காரணம் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் பிற்பாடு எழுதினார்.

ஸ்மித்தின் நண்பர், ஜெர்மன் பைபிள் அறிஞர் யூலியுஸ் வெல்ஹவுசனும் போதகர் மகன்தான், லூத்தரன். அவரை யாரும் துரத்தவில்லை. தன் பாடம் மாணவர்களைச் சபை ஊழியத்துக்குத் தகுதியற்றவர்களாக ஆக்குகிறது, அது தன் மனசாட்சியை அழுத்துகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, 1882-இல் கிரைஃப்ஸ்வால்டில் இறையியல் பதவியை அவரே விட்டார். இஸ்லாமுக்கு முந்தைய அரேபியரைப் படித்தால் பழைய இஸ்ரவேல் புரியும் என்பது அவர் வழி. அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஆதியில் இருந்தது உயிருள்ள இயல்பான சமயம், பின்னால் வந்த ஆசாரிய நியாயப்பிரமாணம், அதாவது குருமார் வகுத்த சட்டம், அதை உலர்த்திவிட்டது என்று அவர் வரைந்த படம் யூத மார்க்கத்துக்குச் செய்த அநியாயம். நாடோடியை உயர்த்தப்போய் இன்னொருவரின் பக்தியைத் தாழ்த்திவிட்டார்.

நாடோடிகளும் அப்படி ஊர் வாடையே படாமல் இருக்கவில்லை. யூப்ரடீஸ் கரையில் மாரி என்ற நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகள் கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேய்ச்சல் குலங்கள் அரசனோடு உடன்படிக்கை செய்வது, சண்டை போடுவது, ஒரே குலத்தில் பாதிப்பேர் ஊரில் இருப்பது, பாதிப்பேர் மந்தையோடு போவது எல்லாம் அதில் இருக்கிறது.

இப்போது எரேமியா 35. பாபிலோன் படைக்குப் பயந்து ரேகாபியர் என்ற கூடாரவாசிக் குலத்தார் எருசலேமுக்குள் வந்திருக்கிறார்கள். எரேமியா தீர்க்கதரிசி அவர்களை ஆலயத்தில் ஓர் அறைக்குக் கூட்டிப்போய், திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் முன்னால் வைத்து, குடியுங்கள் என்கிறார். மாட்டோம் என்கிறார்கள். திராட்சரசம் குடிக்காதே, வீடு கட்டாதே, விதை விதைக்காதே, திராட்சத்தோட்டம் போடாதே, கூடாரத்திலேயே இரு என்று எங்கள் தகப்பன் யோனதாப் சொல்லியிருக்கிறார். இன்று நகரத்துக்குள் இருக்கிறோம், அது படைக்குப் பயந்து. ஆனால் குடிக்க மாட்டோம்.

சாப்பாடு பகிர்ந்தால் உறவு என்றால், நீட்டிய கிண்ணத்தை மறுப்பது என்ன? ஸ்மித்தின் கண்ணால் இந்த அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அடுத்த வீடியோவில் மாரி பலகைகளை எடுத்துக்கொள்கிறேன். வரட்டுமா.